ஓரணாப் புளியங்கொட்டை

எழுத வரமாட்டேன் என்கிறது, எழுத்து வற்றிப்போய்விட்டது என்று யார் சொன்னாலும் அவரைக் கையோடு கூட்டிப்போய் ராமேஸ்வரம் வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரக்கிறது. அவர் பையில் அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ இருக்க வேண்டும். ஏவுகணைகள் வருகிற பகுதியைத் திரும்பி வரும்போது படித்துக்கொள்ளலாம். போகும்போது, மசூதித் தெருவில் ஒரு பையன் வளர்கிற தொடக்கப் பக்கங்களைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்துத்தான் நான் மறுபடியும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை நாலு பேரிடம் சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை.

நான் உச்சிப்புளிப் பக்கத்துப் பிள்ளை. பள்ளிக்கூட நாட்களில் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் கதை எழுதுவேன். அப்பா டீக்கடைக்கு வருகிறவர்களுக்கு அதை வாசித்தும் காட்டுவேன். படிப்பு முடிந்து மதுரையில் தணிக்கை அலுவலகம் ஒன்றில் சேர்ந்தபிறகு எழுத்து என்றாலே ‘மேற்காண் பொருள் தொடர்பாக’ என்று தொடங்கும் கடிதம் என்றாகிவிட்டது. வருஷக்கணக்கில் அப்படியே ஓடிற்று. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறந்து, ராமேஸ்வரம் தீவுக்குள் மறுபடியும் ரயில் போகத் தொடங்கிய பிறகு, தங்கச்சிமடத்தில் இருக்கும் அத்தையைப் பார்க்கக் கிளம்பினேன். வழியில் படிக்க அலமாரியிலிருந்து கைக்கு வந்தது அந்தப் புத்தகம். மு. சிவலிங்கத்தின் தமிழாக்கம், கண்ணதாசன் பதிப்பக வெளியீடு. தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இது பரிசாக வந்து சேர்ந்திருக்கும். என்னிடம் இருந்ததும் ஒரு பரிசுப் புத்தகம்தான்.

பரமக்குடி தாண்டும்போது புளியங்கொட்டை வந்தது. அங்கேயே நான் மாட்டிக்கொண்டேன்.

1939. உலகப் போர் தொடங்குகிறது. கலாமுக்கு எட்டு வயது. என்ன காரணமோ, சந்தையில் திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்துவிடுகிறது. பையன் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து மசூதித் தெரு மளிகைக் கடையில் கொண்டுபோய்ப் போடுகிறான். ஒரு நாள் முழுக்கப் பொறுக்கினால் ஓரணா கிடைக்கும். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள்! போரைப் பற்றி உபதேசம் இல்லை, வறுமையைப் பற்றிப் புலம்பல் இல்லை. அந்தக் கிராக்கி ஏன் வந்தது என்று தனக்குக் கடைசிவரை புரியவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எழுதுகிறவர் விஞ்ஞானி. எஸ்.எல்.வி-3 ராக்கெட்டை 1980-இல் விண்ணுக்கு அனுப்பியவர், 1989-இல் அக்னியைப் பறக்கவிட்டவர். நினைத்திருந்தால் காரணத்தைத் தேடிப் பிடித்து ஒரு பத்தி எழுதியிருக்க முடியாதா? எட்டு வயதுப் பையனுக்குத் தெரியாததை அறுபத்தேழு வயதுக்காரர் உள்ளே நுழைந்து சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு எது பெரிசோ அதுதான் பக்கத்திலும் பெரிசாக இருக்கிறது: கொட்டை, கடை, ஓரணா.

அந்த இடத்தில் எனக்குள் ஏதோ மடை உடைந்த மாதிரி ஆயிற்று. எங்கள் வீட்டில் புளியங்கொட்டையைத் திண்ணைக் கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வெள்ளையாக்குவோம். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சுடும். அதை அடுத்தவன் தொடையில் வைத்து அவனை அலறவைப்பது தனி விளையாட்டு. நாலு கொட்டை தேறியதும் தாயம் உருட்டலாம். அப்பத்தா உருட்டினால் அவளுக்கு மட்டும் கேட்ட எண்ணிக்கை விழும். இத்தனையும் ஒரு விநாடியில் வந்து நிற்கின்றன. பத்திரிகையின் ஓரத்தில், பயணச்சீட்டின் பின்னால், கிடைத்த இடத்திலெல்லாம் கிறுக்கினேன். மண்டபம் வந்து, வண்டி கடலுக்கு மேல் மெல்ல ஊர்ந்தபோது எல்லோரும் சன்னல் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாம்பன் கடலைப் பார்க்காமல் நான் தீவுக்குள் போனது அன்றைக்குத்தான்!

ராமேஸ்வரத்தில் இறங்கி நேரே மசூதித் தெருவுக்குத்தான் போனேன். கலாம் வளர்ந்த வீட்டை இப்போது காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கூட்டம் படியேறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பதக்கங்களும் படங்களும் நிறைய உண்டு. ஆனால் எனக்கு அந்தத் தெருதான் காட்சியகம். இங்கே எந்தக் கடையில் கொட்டையைப் போட்டிருப்பான்? கோவிலுக்குப் போகிற வழி எது? நண்பர்கள் ராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவப்பிரகாசன் எந்த மூலையில் நின்று கூப்பிட்டிருப்பார்கள்? புத்தகத்தைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு தெருவில் நடப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அன்று தெரிந்தது.

அந்தப் பக்கங்களில் என்னைக் கட்டிப்போட்ட இன்னொன்று, பத்திரிகைக் கட்டு. அப்போதெல்லாம் ரயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார். போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் வண்டி நிற்பது ரத்தாகிவிடுகிறது. பத்திரிகைக் கட்டுகளை ஓடுகிற ரயிலிலிருந்தே வெளியே வீசுகிறார்கள். ஊருக்குப் பத்திரிகை போடும் ஒன்றுவிட்ட அண்ணன் சம்சுதீனுக்கு, விழுகிற கட்டைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் கிடைத்ததுதான் கலாமின் முதல் சம்பளம். ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். அவர்களில் சிலர் சுதந்திரப் போராட்டச் செய்திக்காக வாங்குகிறார்கள், சிலர் ராசிபலனுக்காக, சிலர் சென்னையில் தங்கம் வெள்ளி விலை தெரிந்துகொள்ள. வாசிக்கப் பழகாத வயதில் இந்தப் பையன் படங்களை மட்டும் பார்த்துக்கொள்வான். மூத்த நண்பர் ஜலாலுதீன் போர்க் கதைகளைச் சொல்வார். அவற்றைத் தினமணித் தலைப்புகளில் தேடிக் கண்டுபிடிக்க முயல்வான். கதை முதலில் காதுக்கு வந்தது, எழுத்து பிறகு வந்தது. கேட்ட கதையைத் தாளில் தேடுகிற அந்தச் சிறு கண்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

ஜலாலுதீனைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். அஹமது ஜலாலுதீன், கலாமைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பின்னால் அக்கா ஜொஹராவைக் கட்டியவர். அன்றைக்கு அந்தத் தீவிலேயே ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். விண்ணப்பமோ வேறு கடிதமோ, கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுப்பாராம். ஒரு தீவுக்கே எழுத்தாளர்! ஊர்க்காரர்கள் தங்கள் கஷ்டத்தை வாயால் சொல்ல, இவர் தாளில் இறக்குகிறார். அப்படிப்பட்டவர் மாலையில் இந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்கிற பழைய புரட்சிக்காரர் தன் வீட்டு நூலகத்தைத் திறந்துவிடுகிறார். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் பறவையை வரைந்து பாடம் நடத்துகிறார். பையன்களுக்குப் புரியவில்லை என்றதும் எல்லோரையும் கடற்கரைக்கே கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டுகிறார். கலாம் மேடை மேடையாகச் சொன்ன கதை இது.

எல்லாவற்றுக்கும் மேலே, இரவு. அம்மா ஆஷியம்மாவும் பாட்டியும் பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொன்னவை இரண்டு வகைக் கதைகள்: ராமாயணம், நபிகள் நாயகத்தின் வாழ்க்கை. ஒரே பாய், ஒரே குரல், இரண்டு கதைகள். சீதா ராமக் கல்யாணத்துக்கு வீட்டருகே இருந்த ராம தீர்த்தக் குளத்தின் நடுவே சாமியைக் கொண்டுபோகத் தோணி ஏற்பாடு செய்வதும் அந்தக் குடும்பம்தான். இதையெல்லாம் ‘நல்லிணக்கம்’ என்று ஒரு பெரிய பலகையை மாட்டாமல், எங்கள் வீட்டில் இப்படி நடக்கும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சாதாரணம்தான் என்னை உலுக்குகிறது.

எங்கள் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ராமாயணம் எங்களுக்குப் பக்கத்துத் தெருச் சமாச்சாரம். அப்பத்தா சொல்லும்போது ராமர் அயோத்தியில் இருக்கமாட்டார். வில்லூண்டியில் நின்றுகொண்டு, தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட சீதைக்காகக் கடலுக்குள் அம்பை ஊன்றுவார். விபீஷணன் கோதண்டராமர் கோவில் இருக்கும் அந்த மணல்திட்டில்தான் வந்து இறங்குவான். அனுமார் லிங்கம் கொண்டுவரத் தாமதித்தால், ‘கடக்கர மண்ணுக்கா பஞ்சம்’ என்று சீதை உட்கார்ந்து பிடித்துவிடுவாள். கயிற்றுக்கட்டிலில் நாங்கள் வரிசையாகப் படுத்திருப்போம். யாராவது ஒருவர் உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். தம்பி தூங்கிவிட்டால் அவனுக்கும் சேர்த்து நான்தான் உம் கொட்டுவேன்.

ராமர் கதை முடிந்தால் ஆவுளியா கதை. கடல்பசுவைப் பாக் விரிகுடாக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு, கடலடியில் புல் மேய்ந்துகொண்டு திரியும் சாதுப் பிராணி. ஒருமுறை வலையில் தாயும் குட்டியும் சேர்ந்து மாட்டிக்கொண்டதாம். தாயின் கண்ணில் தண்ணீர். வலைக்காரனின் பெண்டாட்டி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அவன் யோசிக்கவே இல்லை, கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டான். புது வலை, கடன் வாங்கிப் போட்ட வலை. அடுத்து என்ன நடந்தது என்பதை அப்பத்தா தினம் ஒரு விதமாகச் சொல்வாள். 2022-இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு முதலில் கேட்டது அப்பத்தாவின் குரல்தான்.

இந்த ஆவுளியா கதையைத்தான் ராமேஸ்வரம் போன அன்று இரவு அத்தை வீட்டில் உட்கார்ந்து முழுசாக எழுதினேன். பள்ளிக்கூடக் கட்டுரையில் நாங்கள் எல்லோரும் ‘இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் ஊர்’ என்றுதான் தொடங்குவோம். இந்தமுறை தொடங்கியது வேறு மாதிரி: ‘மணலில் காயப்போட்ட சூடை மீனுக்குக் காவல் நான். காக்கா ஒன்று, கம்பு ஒன்று.’ எழுதியதும் எனக்கே சிலிர்த்தது. மீன் வாடை தாளிலிருந்து வருகிறது! கலாமின் புளியங்கொட்டை செய்த உபகாரம் அது. ஊரின் எழிலைச் சொல்லவேண்டியதில்லை, கையில் இருந்த கம்பைச் சொன்னால் ஊர் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது.

காலையில் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். வடகடலில் வாடைக்காற்று அடிக்கும்போது வலை வளைத்ததாக ஓர் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

“ஏய்யா, வாடையில வடகடல்ல எவன்யா எறங்குவான்? அலை தூக்கி அடிக்காது? அப்ப தென்கடல்தான் தொழிலு.”

“அப்பத்தா வடகடல்னுதான் சொல்லும், அத்தை.”

“ஆத்தா சொன்னது கச்சான் காலத்து கதைய்யா. கச்சான்ல தென்கடல் பொங்கும், எல்லாரும் இந்தப் பக்கம் வந்துருவாக. காத்த மாத்து, கடல மாத்தாத.”

காற்றை மாற்றினேன்: வாடை போய்க் கச்சான் வந்தது. அத்தனை பக்கமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. வடகடலாகப் பாக் விரிகுடா ஒரு பக்கம், தென்கடலாக மன்னார் வளைகுடா மறுபக்கம், நடுவில் இந்தத் தீவு. காற்று திரும்பும்போது தொழிலும் கரை மாறும். அப்பத்தாவின் கதைக்குள் அந்தக் கணக்கு முழுவதும் பத்திரமாக இருந்திருக்கிறது. தூக்கத்துக்குச் சொன்ன கதை என்று நினைத்தோமே, அது கடல்பாடம்! அத்தை அதோடு விடவில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் வாரிக்கொண்டு போன அந்தப் புயல் ராத்திரி, தான் எந்த மேட்டில் யார் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள் என்பதில் தொடங்கி மத்தியானச் சோறு ஆறும்வரை சொன்னாள். நான் எழுதிக்கொண்டே உம் கொட்டினேன்.

கேட்ட கதையை எழுதுகிற இந்த வழியை நம் பக்கத்துக்காரர் கி. ராஜநாராயணன் என்றைக்கோ போட்டுக் கொடுத்துவிட்டார். பள்ளிப் படிப்பை முடிக்காத இடைசெவல் விவசாயி, முப்பது வயதுக்கு மேல் எழுத வந்தார். பாட்டிமார் வாயிலிருந்த கதைகளைத் தேடித்தேடிச் சேர்த்து நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம் ஆக்கினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். 1991-இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு சாகித்திய அகாதமி விருது. காதில் விழுந்த கதைதான் கையின் முதல் மூலதனம் என்பதற்கு இவரைவிடப் பெரிய சாட்சி தமிழில் கிடையாது. ஆனால் கரிசலுக்கு ஒரு கி.ரா. வாய்த்தது போல எங்கள் கடற்கரைக்கு இன்னும் வாய்க்கவில்லை என்பது என் ஆதங்கம். இங்கே கேட்க ஆளில்லாமல் கிடக்கும் கதைகள் கொஞ்சமா? பாசி எடுக்கத் தீவுத்திட்டுகளுக்குப் போன பெண்கள் சொல்லும் கதைகள், கீழக்கரை வீடுகளில் சொல்லும் கதைகள், சங்கு குளித்தவர்கள் கதைகள்!

கலாமுமே ஒருமுறை எழுதிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. 1999-இல் அந்தப் புத்தகம். இடையில் குடியரசுத் தலைவராக ஐந்து ஆண்டுகள். 2013-இல், எண்பது வயதைத் தாண்டியபிறகு, ‘எனது பயணம்’ எழுத உட்கார்ந்தபோது மறுபடியும் அதே தெருவுக்குத்தான் வருகிறார். அப்பாவின் அதிகாலை நடை வருகிறது, படகு கட்டியது வருகிறது. அம்மா போட்டுக்கொடுக்கக் கொடுக்கத் தான் தின்ற சப்பாத்தி, அம்மாவுக்கே இல்லாமல் போனது என்று பிறகு அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்ட அந்த ராத்திரி வருகிறது. அவருடைய அறிவுரைகளைச் சுவரொட்டியிலும் ஆட்டோவின் முதுகிலும் எழுதிவைத்திருக்கிறோம். அவை நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் என் தீர்ப்பு இதுதான்: எழுத்தாளர் கலாம் இருப்பது அந்தச் சப்பாத்தியிலும் புளியங்கொட்டையிலும். தமிழில் வாசிக்கக் கிடைக்கிற பிள்ளைப் பருவப் பக்கங்களில் இவற்றுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. யார் மறுத்தாலும் நான் சண்டைக்கு வருவேன்.

இப்போது அலுவலகம் விட்டு வந்ததும் எழுதுகிறேன். அப்பாவின் டீக்கடை பெஞ்சு வந்துவிட்டது. தேய்த்துச் சுட்ட கொட்டை வந்துவிட்டது. பனங்கிழங்கு சுட்ட சாம்பல் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் அத்தைக்குப் போனில் வாசித்துக் காட்டுகிறேன். ‘அது அப்பிடி இல்லய்யா’ என்று அவள் தொடங்கினால் எனக்கு அடுத்த பக்கம் தயார். இந்தச் சந்தோஷம் எங்கே போயிருந்தது இத்தனை காலம்!

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். கலாமின் பிறந்த நாளான அக்டோபர் 15, தமிழ்நாட்டில் இளைஞர் எழுச்சி நாள். அன்றைக்குப் பள்ளிகளில் ‘நான் காணும் கனவு இந்தியா’ என்று கட்டுரைப் போட்டி வைக்கிறோம். ஒரே வாசகங்கள் நூறு தாளில் வந்து சேர்கின்றன. இந்த வருஷம் அந்தத் தலைப்பை எடுத்துவிட்டு, வீட்டில் பெரியவர்கள் சொன்ன ஒரு கதையை அவர்கள் சொன்னபடியே எழுதிவரச் சொல்லுங்கள். எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள். பரிசாக ‘அக்னிச் சிறகுகள்’ கொடுங்கள்.